மீன் தொட்டிக்கு எந்தத் தெர்மாமீட்டர்? செட்டிநாட்டு வீட்டிலிருந்து ஒரு ஒப்பீடு

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. எங்கள் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில், இருக்கும் மீன் தொட்டியில் மூன்று தெர்மாமீட்டர் இருந்தன. கண்ணாடியில் வெளியே ஒட்டிய ஸ்டிக்கர் 26 டிகிரி செல்சியஸ் என்றது. உள்ளே ரப்பர் கப்பில் நிற்கும் சிவப்புத் திரவக் குழாய் 27-ஐ ஒட்டி நின்றது. புதிதாக வாங்கிய டிஜிட்டல் 28.1 என்றது. தண்ணீர் ஒன்றுதான். ஹீட்டரைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். எது சரி என்று கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

இப்போது இதை எழுதக் காரணம் அடுத்த வீட்டு ஆச்சி. கோடை லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த பேரனுக்காகக் காரைக்குடியில் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். கப்பி பத்து, ஏஞ்சல் ஒரு ஜோடி. "தம்பி, தண்ணிச் சூடு பாக்க ஒண்ணு வாங்கணுங்குறான் பேரன். காய்ச்சல் பாக்குற குழாய்தான் வீட்டுல கெடக்கே, அது ஆகாதா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் 'ஆகாது' என்பதுதான். ஆனால் அவர்கள் சொன்ன அந்தக் காய்ச்சல் குழாய்க்கு இந்தக் கதையில் பெரிய வேலை இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

முதலில், நம் ஊருக்கு இது ஏன் தேவை. கனமான சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்த வீடுகள் வெளி வெயிலைவிடக் குளிர்ச்சியாக இருப்பது உண்மைதான். ஆனால் முற்றம் திறந்தது. சித்திரை, வைகாசியில் வளவுக்குள்ளேயே காற்று 34, 35 டிகிரிக்குப் போய்விடுகிறது. மார்கழி, தை விடியலில் 22-க்கு இறங்குகிறது. தொட்டித் தண்ணீரும் மெல்ல அதன் பின்னாலேயே போகும். எங்கள் தொட்டியில் உச்சச் சூடு மதியம் வருவதில்லை, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வருகிறது. மதியம் மூன்று மணிக்குப் பார்த்துவிட்டு 'பரவாயில்லை' என்று போனால் ஏமாந்துவிடுவோம்.

சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்ஸிஜன் குறையும். நல்ல தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை பிடித்து வைக்கும். 30-ல் 7.6, 35-ல் 7 கூட இல்லை. அதே நேரம் சூட்டில் மீனின் உடம்பு அதிக ஆக்ஸிஜன் கேட்கும். கோல்டு ஃபிஷ் 18-லிருந்து 24 வரை விரும்பும் மீன், அது வைகாசியில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு இதுதான் காரணம். கப்பிக்கும் ஏஞ்சலுக்கும் 24-லிருந்து 28 வரை இருந்தால் நல்லது. டிஸ்கஸ் 28-க்குக் கீழே போனால் வாடிவிடும்.

அப்புறம், அளவைவிட அந்த அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது மீனுக்குப் பெரிது. இதை நான் கற்றது ஒரு இழப்பில். மூன்று வருஷம் முன்பு வைகாசி மதியம் தண்ணீர் மாற்றினேன். மாடி டேங்கில் இருந்து வரும் குழாய்த் தண்ணீர் கையில் வெதுவெதுப்பாகத்தான் தெரிந்தது. வெயிலில் நின்றுவிட்டு வந்த கைக்கு எதுவும் வெதுவெதுப்பாகத்தான் தெரியும். பாதித் தொட்டி மாற்றினேன். ஸ்டிக்கர் அப்போதைக்கு எதுவும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் நான்கு பிளாட்டி போய்விட்டன. மறுநாள் அதே நேரத்தில் வாளித் தண்ணீரில் திரவக் குழாயை விட்டுப் பார்த்தேன், 39. அன்றிலிருந்து தெர்மாமீட்டர் தொட்டிக்கு மட்டும் இல்லை, வாளிக்கும் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கீழே ஒவ்வொன்றையும் எடைபோடும்போது இந்த வாளி அடிக்கடி வரும்.

ஸ்டிக்கரில் இருந்து ஆரம்பிக்கிறேன், பெரும்பாலான தொட்டிகளோடு அதுதான் வருகிறது. சூட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் திரவப் படிகம் கட்டம் கட்டமாகப் பூசிய பட்டை அது. எந்தக் கட்டம் பச்சையாக ஒளிர்கிறதோ அது சூடு. உடையாது, பேட்டரி வேண்டாம், விலை ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் அது தண்ணீரைத் தொடுவதில்லை. ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் நம் கூடத்துக் காற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைச் சொல்கிறது. காற்றும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருந்தால் பிழை தெரியாது. மார்கழியில் ஹீட்டர் ஓடும்போது தண்ணீர் 27, வீடு 22 என்றால் ஸ்டிக்கர் அரை டிகிரியாவது இறக்கிச் சொல்லும். நேர் மேலே ஃபேன் ஓடினால் ஒரு டிகிரி. போதாததற்குக் கட்டங்கள் பல பட்டைகளில் இரண்டு டிகிரிக்கு ஒன்றுதான். எங்கள் வீட்டில் இன்னொன்றும் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு முற்றத்து வெயில் சாய்ந்து வந்து தொட்டியின் இடது பக்கத்தில் இருபது நிமிஷம் விழும். அந்த இருபது நிமிஷமும் பட்டை நிறமே தெரியாமல் கறுத்துக் கிடக்கும், அதன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உள்ளே தண்ணீர் கால் டிகிரிகூட நகர்ந்திருக்காது. வாளிக்கு இது உதவவே உதவாது. நிழலில், ஃபேன் காற்று படாத பக்கம் ஒட்டி, 'நேற்று மாதிரி இருக்கிறதா' என்று போகிற போக்கில் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சிவப்புத் திரவக் குழாயை மக்கள் பழசு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம். உள்ளே இருப்பது சாயம் கலந்த ஸ்பிரிட். உடைந்தாலும் பாதரசம் போல விஷம் இல்லை. பேட்டரி தீராது, கரண்ட் வேண்டாம், வாளியில் போடலாம். நல்ல குழாய் ஒன்று கிடைத்துவிட்டால் வருஷக்கணக்கில் ஒரே மாதிரி சொல்லும். சிக்கல் அந்த 'நல்ல குழாய்' கிடைப்பதில்தான். மீன் கடையில் விற்கும் மலிவுக் குழாய்களில் அளவுகோல் என்பது உள்ளே செருகிய ஒரு காகிதத் துண்டு. அது இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறி உட்கார்ந்திருந்தால் குழாய் ஆயுசுக்கும் தப்பாகத்தான் சொல்லும்.

அதனால் கடையில் தேர்ந்தெடுக்கும் விதம் முக்கியம். அட்டையில் வரிசையாகத் தொங்கும் எல்லாக் குழாய்களும் ஒரே கடைக் காற்றில்தான் இருக்கின்றன, எல்லாம் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். நான் கடைசியாக வாங்கியபோது எட்டு தொங்கின. ஐந்து 30-ல் நின்றன, இரண்டு 31, ஒன்று 28. அந்த ஐந்தில் ஒன்றை எடுத்தேன். எடுக்கும் முன் சிவப்புக் கோடு நடுவில் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பார்சலில் குலுங்கி வரும்போது கோடு துண்டாகி, மேலே ஒரு சிவப்புப் பொட்டு தனியாக நிற்கும். அந்தப் பொட்டு அளவுக்குக் கீழ்க்கோடு குறைத்துக் காட்டும். வீட்டுக்கு வந்தபின் அப்படி ஆனால் கீழ்க்குமிழை உப்பும் ஐஸும் கலந்த டம்ளரில் வைத்து, திரவம் முழுக்கக் குமிழுக்குள் இறங்கும் வரை விட்டு, நிமிர்த்தியபடியே மெல்ல ஏறவிட்டால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். படிக்கும்போது கண் அந்தக் கோட்டின் மட்டத்துக்கு வர வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அரை டிகிரி தப்பாகத் தெரியும். குனிந்து பார்க்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இது உண்மையான குறை.

பள்ளி ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையில் நீளமான குழாய் கிடைக்கும். அதில் கோடுகள் கண்ணாடியிலேயே பொறித்திருக்கும், காகிதம் நகரும் பேச்சில்லை. வாளிக்கும், மற்றவற்றைச் சரிபார்க்கவும் இது அருமையானது. ஒரே நிபந்தனை, சிவப்பு ஸ்பிரிட் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளிபோல் மின்னும் பாதரசக் குழாயைத் தொட்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. உடைந்தால் தொட்டி, மணல், செடி எல்லாம் போச்சு, வீட்டில் உள்ளவர்களுக்கும் கெடுதல்.

டிஜிட்டலுக்கு வருவோம். கறுப்புப் பெட்டி வெளியே, ஒரு மீட்டர் ஒயர், நுனியில் சென்சார் உள்ளே. இருநூறு ரூபாயை ஒட்டி விற்கிறது, கடைக்குக் கடை மாறும். தூரத்தில் இருந்தே படிக்கலாம். ரப்பர் கப்பைக் கழற்றிச் சென்சாரை வாளிக்குள் விடலாம். என் வீட்டில் தினமும் நான் பார்ப்பது இதைத்தான். ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு வாங்க வேண்டும். 28.1 என்று புள்ளிக்கு அப்புறம் ஓர் எண் காட்டுவதால் அது பத்தில் ஒரு டிகிரி வரை சரி என்று ஆகாது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சிறிய எழுத்தில் 'கூட்டல் கழித்தல் 1 டிகிரி' என்று இருக்கும். அதாவது 28.1 என்பது 27.1 ஆகவும் இருக்கலாம், 29.1 ஆகவும் இருக்கலாம். நுணுக்கமாகச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு. மலிவு டிஜிட்டல் முதலாவதில் கெட்டி. நேற்று 28.1, இன்று 28.6 என்றால் அரை டிகிரி ஏறியிருக்கிறது என்பதை நம்பலாம்.

இந்த வகை கெடும் விதத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சென்சார், சூடு ஏறினால் மின்தடை குறையும் வகை. நுனி உறையில் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தால் மின்சாரத்துக்கு இன்னொரு வழி கிடைத்து, தடை குறைந்தது போல ஆகிவிடும். பெட்டி அதைச் சூடு என்று நினைத்து எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். மீன் சாதாரணமாக நீந்துகிறது, ஏர் மோட்டார் ஓடுகிறது, ஆனால் டிஸ்பிளே 36 என்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சென்சாரை. எண் மங்கினால் பட்டன் செல் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பெட்டியைத் தொட்டி விளிம்பில் ஒட்டாதீர்கள், கப் விட்டுப்போனால் நேரே தண்ணீருக்குள்தான்.

கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிப் பார்த்த துப்பாக்கி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. தொட்டிக்கு அதை நம்ப வேண்டாம். கண்ணாடி வழியே காட்டினால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் படிக்கும், அது படிக்கும் வெப்ப அலை கண்ணாடியைத் தாண்டாது. மேலிருந்து காட்டினால் தண்ணீரின் மேல்தோலை மட்டும் படிக்கும். ஆவியாவதால் அந்தத் தோல் உள்தண்ணீரைவிடக் குளிர்ந்திருக்கும். காய்ச்சல் முறையில் வைத்திருந்தால் தோல் சூட்டை உடம்புச் சூடாக மாற்றிச் சொல்லும் கணக்கு வேறு உள்ளே ஓடும்.

ஹீட்டர் தலையில் உள்ள திருகு எண்ணும் தெர்மாமீட்டர் ஆகாது. 26-ல் வைத்தால் 28-ல் நிற்கும் ஹீட்டர்கள் உண்டு, வெட்டாமல் ஒட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பதும் உண்டு. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் தனியாக ஒன்று வேண்டும். டிஸ்கஸ் வளர்ப்பவர்கள், குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் சென்சாரோடு வரும் கண்ட்ரோலர் வாங்கி, ஹீட்டரை அதன் வழியாக ஓட்டுவது நல்லது. செலவு கூடும், அவர்களுக்கு அது தகும்.

சரி, அந்த மார்கழிக் காலைக்கு வருவோம். மூன்றில் எது உண்மை? நகைக் கடையில் உரைகல் வைத்திருப்பது போல நமக்கும் ஒன்று வேண்டும். வீட்டிலேயே இரண்டு இருக்கின்றன.

முதலாவது ஐஸ். ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டியைக் குடிதண்ணீரில் உறைய வையுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் கணக்கு இறங்கிவிடும். துணியில் கட்டி அம்மிக் குழவியால் பொடியாக நுணுக்கி, டம்ளர் நிறைய அடைத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஐஸும் தண்ணீரும் நெருக்கிக் கலந்து நிற்கும் இடத்தில் சூடு 0. பலர் செய்யும் தவறு, தண்ணீர் நிறைய ஊற்றி இரண்டு கட்டி மிதக்க விடுவது. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம், அதனால் அடியில் 4 டிகிரித் தண்ணீர் தேங்கி நின்று, சென்சார் 4 என்று சொல்லும், நீங்கள் சென்சாரைத் திட்டுவீர்கள். நுனி டம்ளரைத் தொடாமல் நடுவில் பிடித்து, கலக்கிக்கொண்டே நான்கைந்து நிமிஷம் பொறுங்கள். என் டிஜிட்டல் 0.8-ல் நின்றது.

இரண்டாவதுதான் ஆச்சி சொன்ன காய்ச்சல் தெர்மாமீட்டர். தொட்டிக்கு அது ஏன் ஆகாது என்றால் அதன் அளவே 30 டிகிரிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. ஏறிய எண் தானாக இறங்கவும் செய்யாது. ஆனால் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் அது மிகச் சரியானது. மருந்துக் கடையில் விற்கும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர் பொதுவாக 37 டிகிரியை ஒட்டி 0.1 டிகிரிக்குள் சொல்லும்படி செய்யப்படுகிறது. இருநூறு ரூபாய்ப் பொருளில் இவ்வளவு துல்லியம் வீட்டில் வேறெதிலும் கிடையாது. ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் தண்ணீரை 100 ஃபாரன்ஹீட் பக்கம் கொண்டுவாருங்கள், அது 37.8 டிகிரி. ஃபாரன்ஹீட்டில் இருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் செல்சியஸ் டிகிரி வந்துவிடும். காய்ச்சல் தெர்மாமீட்டர் நுனியையும் மீன் தொட்டி சென்சாரையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி உள்ளே விட்டுக் கலக்குங்கள். பீப் சத்தம் வந்த அதே நொடியில் இரண்டையும் படியுங்கள். தாமதித்தால் தண்ணீர் ஆறும், காய்ச்சல் தெர்மாமீட்டர் உச்ச எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும், ஒப்பீடு கெட்டுவிடும். பாதரசக் காய்ச்சல் குழாய் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

என் டிஜிட்டல் அங்கே 38.7 சொன்னது. 0-ல் 0.8 கூட, 37.8-ல் 0.9 கூட. இரண்டு முனையிலும் பிழை ஏறக்குறைய ஒன்றே. அப்படியென்றால் நடுவில், மீன் வாழும் 24-லிருந்து 30 வரையிலும் அதே பிழைதான். மார்கழிக் காலையில் தண்ணீர் உண்மையில் 27.2. திரவக் குழாய்தான் சரியாகச் சொல்லியிருக்கிறது. பெட்டியின் தலையில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் '0.9 கழி' என்று எழுதினேன். அந்த டிஜிட்டலைத் தூக்கிப் போடத் தேவையே இல்லை. ஒரே அளவில் தப்புகிற கருவி நல்ல கருவி. இன்று அரை டிகிரி கூட, நாளை ஒரு டிகிரி குறைவு என்று அலைவதைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு முனையில் பிழை வெவ்வேறாக வந்தால், 28 டிகிரி மேல்முனைக்குப் பக்கம் என்பதால் அந்தப் பிழைக்குக் கிட்டத்தட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

திரவக் குழாய்கள் சிலவற்றில் அளவுகோல் 0 வரை இறங்காது, அவற்றுக்குச் சுடுதண்ணீர்ச் சோதனை மட்டும் போதும். ஸ்டிக்கரை எந்தச் சோதனைக்கும் உட்படுத்த முடியாது. நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஆடியிலும் தையிலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்கிறேன்.

ஆச்சி வீட்டுத் தொட்டிக்கு ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது, கப்பியும் ஏஞ்சலும் தாங்கும். ஆச்சிக்குக் குனிய முடியாது, கண்ணாடி போட்டும் மெல்லிய கோடு தெரியாது, பேரன் போன பிறகு பார்க்கப்போவது அவர்கள்தான். அதனால் குழாயை நான் சொல்லவில்லை. பெரிய எண் காட்டும் ஒயர் டிஜிட்டல் ஒன்றை வாங்கினோம், வாளிக்கும் அதுவே. எனக்கு மட்டும் என்றால், ஒரு நல்ல குழாயும் ஒரு டிஜிட்டலும் சேர்த்து வைத்துக்கொள்வேன். ஒன்று மாறினால் மற்றது சொல்லிவிடும். ஒன்றுதான் வாங்க முடியும், குனிந்து படிக்கவும் முடியும் என்கிறவர்களுக்கு, பொறுக்கி எடுத்த குழாய்.

சென்சாரை ஹீட்டரில் இருந்தும் ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் இருந்தும் தள்ளி, தொட்டியின் நடு ஆழத்தில் ஒட்டினோம். ஐஸில் 0.3 குறைவு, தூக்கில் 0.4 குறைவு. பேரன் ஒரு துண்டு டேப்பில் '0.4 கூட்டு' என்று எழுதி ஒட்டினான். ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்குடா கூட்டலு கழித்தலு, எத்தனைக்கு மேல போனா ஃபேனைப் போடணும்னு எழுது" என்றார்கள். உண்மையில் 30 டிகிரி என்றால் டிஸ்பிளேயில் 29.6. அந்த டேப்புக்குக் கீழே '29.6 தாண்டினால் ஃபேன், ஏர் மோட்டார்' என்று இன்னொன்று ஒட்டியிருக்கிறது. டேபிள் ஃபேனைத் தண்ணீர் மட்டத்துக்குச் சாய்த்து வைத்தால் நம் ஊர் வறண்ட காற்றில் இரண்டு டிகிரி வரை இறங்குகிறது. குறையும் தண்ணீருக்கு, விடியற்காலையில் பிடித்து வைத்த வாளியில் இருந்து ஊற்றச் சொல்லியிருக்கிறேன், ஊற்றும் முன் சென்சாரை அதில் விட்டுப் பார்த்த பிறகு.